வருமானம் சுருங்கும்போது: உள்ளதை உள்ளபடி எழுதி, அதிலிருந்து இலக்கு வைப்பது எப்படி?

திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் மாதக் கணக்கில் பதில் வராது. "ஷிப்டுக்கு எழுநூறு" என்பார். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். ஆர்டர் நிறைய இருக்கும் காலத்தில் காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் ஓடும். சனிக்கிழமை சம்பளம். ஆர்டர் குறைந்தால் யாரையும் வேலையை விட்டு நிறுத்தவே தேவையில்லை. ஒன்றரை ஷிப்ட் ஒன்றாகும், ஆறு நாள் ஐந்து நாளாகும், அவ்வளவுதான். வேலை இருக்கும், வருமானம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

வேலையே போய்விட்டால் வீட்டில் எல்லோருக்கும் அன்றைக்கே தெரிந்துவிடும். ஏதாவது செய்தாக வேண்டும் என்று உட்கார்ந்து பேசுவார்கள். இப்படிச் சத்தமில்லாமல் சுருங்கும் வருமானம்தான் ஆளை ஏமாற்றும். அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று இந்த வாரம் இரண்டாயிரம் கைமாற்று வாங்குவோம். நான்கைந்து மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் வளையல் அடகுக் கடையில் இருக்கும்.

2025-ல் திருப்பூருக்கு வந்தது அப்படியொரு காலம். இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா ஆகஸ்ட் 7 முதல் 25 விழுக்காடு வரியும், ஆகஸ்ட் 27 முதல் அதற்கு மேல் இன்னொரு 25 விழுக்காடும் விதித்தது. ஊரின் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. திருப்பூர் பார்க்காத அடி இல்லை: 2008 உலக மந்தம், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு, 2016 பணமதிப்பிழப்பு, 2020 ஊரடங்கு. ஒவ்வொரு முறையும் ஊர் எழுந்துகொண்டது. ஆனால் ஊர் எழுவதற்கு ஒன்றரை வருடம் ஆகும் என்றால், ஐந்து மாதம் மட்டும் தாங்கக்கூடிய குடும்பத்துக்கு அந்த எழுச்சியால் பயனில்லை. அதற்குள் அது வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தேனிக்கோ புதுக்கோட்டைக்கோ பஸ் ஏறியிருக்கும்.

இந்தக் கட்டுரை இரண்டு விஷயங்களைப் பற்றியது. ஒன்று தன்மதிப்பீடு: இன்று நான் எங்கே நிற்கிறேன் என்பதை, பார்க்கப் பிடிக்காதவற்றையும் சேர்த்து, எண்களாக எழுதுவது. இன்னொன்று இலக்கு: அங்கிருந்து எந்தத் தேதிக்குள் எவ்வளவு தூரம், அதற்கு இந்த வாரம் என்ன செய்வது என்று வைப்பது. முதலாவது இல்லாமல் இரண்டாவதைச் செய்தால் "கடனெல்லாம் சீக்கிரம் அடைக்கணும்" என்பதோடு நின்றுவிடும். அது வேண்டுதல், சாமி படத்துக்கு முன்னால் சொல்லலாம், வீட்டுக் கணக்குக்கு உதவாது.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் டெய்லர், ஷிப்டுக்கு 700. மனைவிக்கு, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை, ஷிப்டுக்கு 400. பள்ளியில் படிக்கும் ஒரு மகள். ஊரில் அம்மா.

எத்தனை வாரம் தாங்கும்?

முதலில் வரவு. வாரச் சம்பளக்காரர்கள் செய்யும் பொதுவான பிழை, நல்ல வாரத்தை மனதில் வைத்துக்கொண்டு செலவைத் திட்டமிடுவது. கடைசி 12 சனிக்கிழமைகளில் கைக்கு வந்ததை வரிசையாக எழுதுங்கள். அதில் குறைவாக வந்த நான்கு வாரங்களின் சராசரிதான் உங்கள் வருமானம். மற்றதெல்லாம் வந்தால் லாபம். நம் குடும்பத்துக்கு ஒன்றரை ஷிப்ட், ஆறு நாள் ஓடியபோது வாரம் 9,900 வந்தது. இப்போது ஒரு ஷிப்ட், ஐந்து நாள். அவருக்கு 3,500, மனைவிக்கு 2,000, சேர்த்து 5,500.

மாதத்துக்கு நான்கு வாரம் என்றே கணக்கு வையுங்கள். 22,000. வருடத்தில் 52 சனிக்கிழமை உண்டு, நாம் 48-ஐத்தான் எண்ணுகிறோம். மீதி நான்கு வாரச் சம்பளத்துக்குப் பின்னால் ஒரு வேலை வைத்திருக்கிறேன். மகளிர் உரிமைத் தொகை 1,000 சேர்த்தால் மாத வரவு 23,000.

அடுத்து செலவு. வாடகை 6,500. மளிகை, பால், காய்கறி, கறி எல்லாம் 8,000. கேஸ், கரண்ட், தண்ணீர் 1,500. இரண்டு போன் 700. பள்ளிக் கட்டணத்தையும் வேனையும் மாதத்துக்குப் பிரித்தால் 2,500. பெட்ரோல் 1,500. அம்மாவுக்கு 2,000. மருந்து 800. மொத்தம் 23,500. இதற்கு மேல் கட்ட வேண்டியவை: வண்டித் தவணை 3,200, மகளிர் குழுக் கடன் 2,400, தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு வாங்கிய 50,000-க்கு வட்டி மட்டும் 1,500, ஏலச்சீட்டு 3,000. அது ஒரு 10,100. ஆக மாதம் 33,600 வெளியே போகிறது.

வரவுக்கும் செலவுக்கும் நடுவில் பள்ளம் 10,600. வங்கியிலும் பீரோவிலுமாகக் கையில் இருப்பது 14,000. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஒன்றேகால் மாதத்துக்குச் சற்று மேல். ஆறு வாரம்கூட இல்லை. வேலை முற்றிலும் நின்றால் இரண்டு வாரம் தாங்காது.

தன்மதிப்பீட்டில் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். சொத்து மதிப்பு, சிபில் மதிப்பெண் எல்லாம் பிறகு. ஐந்து சவரன் நகை இருக்கிறது, ஊரில் பங்கு நிலம் இருக்கிறது என்று மனதுக்குள் ஒரு தைரியம் ஓடிக்கொண்டிருக்கும். நிலத்தை ஆறு வாரத்தில் விற்க முடியாது. அண்ணன் தம்பி கையெழுத்து வேண்டும். பணமாக மாற எத்தனை நாள் ஆகும் என்பதையும் சேர்த்து எழுதாத சொத்து, நெருக்கடியில் சொத்தில்லை.

இந்த எண்ணை எழுதுவதில் கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. எழுத மனம் வராததுதான் கஷ்டம். கைமாற்றாக வாங்கியதை "அது கடனில்லை, மச்சான்தானே" என்று விட்டுவிடுவோம். மனைவிக்குத் தெரியாமல் கணவன் வாங்கியது ஒன்றிருக்கும், கணவனுக்குத் தெரியாமல் மனைவி குழுவில் எடுத்துத் தம்பிக்குக் கொடுத்தது ஒன்றிருக்கும். இரண்டும் அந்தத் தாளில் வராவிட்டால் தாள் பொய் சொல்லும். யார் வாங்கினார்கள் என்ற விசாரணையை வேறொரு நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு, எவ்வளவு என்பதை மட்டும் எழுதுவது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் இரண்டும் வெளியே வரும். என் அனுபவத்தில் இந்த ஒரு ஒப்பந்தம் இல்லாமல் எந்த வீட்டிலும் முழுக் கணக்கு வந்ததில்லை.

கடனைத் தொகையால் பார்க்காமல் வட்டியால் பார்ப்பது

நமக்குப் பெரிய தொகைதான் பயம் தரும். 50,000 கடனைவிட மூன்று லட்சம் கடன் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் வீட்டை அரிப்பது வட்டி விகிதம். "மூணு வட்டி" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். வருடத்துக்கு 36 விழுக்காடு. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி ஓட்டுபவரும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறார். கார்டுகள் பலவற்றில் மாதத்துக்கு மூன்றரை விழுக்காட்டை ஒட்டித்தான் வட்டி.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது தண்டல். சென்னைப் பக்கம் நன்றாகத் தெரிந்த முறை: பத்தாயிரம் கடன் என்பார்கள், முன்வட்டி பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "எட்டாயிரத்து ஐந்நூறுக்கு ஆயிரத்து ஐந்நூறு வட்டி, பரவாயில்லையே" என்று தோன்றும். ஆனால் 8,500 நூறு நாளும் உங்கள் கையில் இல்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். ஐம்பதாவது நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது. குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் வட்டி நாளொன்றுக்கு சுமார் 0.33 விழுக்காடு, வருடத்துக்கு 120. கொங்குப் பக்கத்து வார வட்டிக்கும் இதே முறையில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே கடன்களை வட்டி அதிகமானது மேலே, குறைவானது கீழே என்று எழுதுங்கள். நம் குடும்பத்தில் மூணு வட்டிக் கடன் உச்சியில் நிற்கும். வருடத்துக்கு 18,000 வட்டி, அசல் அப்படியே. இங்கேதான் நகையைப் பற்றி நிதானமாக யோசிக்க வேண்டும்.

நகையை அடகு வைப்பது தோல்வி என்று நினைக்கும் வீடுகள் உண்டு. மளிகைக்கே அடகு வைக்கும் வீடுகளும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அதிக வட்டிக் கடனை அடைக்கக் குறைந்த வட்டிக்கு நகையை வைத்தால் அது பழுது பார்க்கும் வேலை. மாதப் பள்ளத்தை நிரப்ப நகையை வைத்தால், வருமானம் கூடாதவரை அது தவணை முறையில் விற்பதுதான், கூடவே வட்டியும் கட்டி. வங்கியில் 10 விழுக்காட்டுக்கு 50,000 நகைக்கடன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முடிந்து மொத்தமாகத் திருப்பும்போது 55,000. தெரிந்தவருக்குக் கட்டியிருந்தால் 18,000 வட்டி போயும் 50,000 பாக்கி நிற்கும். வித்தியாசம் 13,000.

தங்கத்தின் மதிப்பில் எவ்வளவு விழுக்காடு வரை கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது விதி வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-ஐக் கெடுவாக வைத்த அந்த விதிப்படி, இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு 85 விழுக்காடு, அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. கல்லுக்கும் சேதாரத்துக்கும் மதிப்பில்லை, தங்கத்தின் எடைக்கு மட்டும்தான். வீட்டுச் செலவுக்கென்று வாங்கி மொத்தமாகத் திருப்பும் நகைக்கடனுக்கு அதிகபட்சம் 12 மாதம். இன்றைய தங்க விலைக்கு ஐந்து சவரனுக்கு 50,000-ஐவிடப் பல மடங்கு தருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 50,000-க்குத் தேவையான நகையை மட்டும் வைத்து, மீதியைக் கையோடு எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

சரி, 12 மாதம் கழித்து 55,000-க்கு எங்கே போவது? சீட்டு இருக்கிறதே. மாதம் 3,000 வீதம் 20 மாதச் சீட்டு, எட்டு மாதம் கட்டியாகிவிட்டது. தொகையைக் குறைத்து ஏலம் கேட்டு முன்கூட்டியே எடுப்பதைத்தான் தள்ளி எடுப்பது என்போம்; அப்படித் தள்ளி எடுக்காமல் கடைசிவரை விட்டால் 60,000. சீட்டு நடத்துபவரின் கமிஷன் ஐந்து விழுக்காடு போக 57,000 வரும். அதுவும் சரியாக 12 மாதத்தில். சீட்டுப் பணம் வந்த அன்றைக்கே நகையை மீட்டுவிடலாம். ஏலத் தள்ளு கழித்து மாதாமாதம் கட்டுவது 3,000-க்குக் கொஞ்சம் குறையும். கணக்குக்கு முழுத் தொகையே இருக்கட்டும்.

இவ்வளவும் பதிவு செய்த சீட்டாக இருந்தால். பக்கத்துத் தெரு அக்கா நோட்டில் எழுதி நடத்தும் சீட்டென்றால், நெருக்கடிக் காலத்தில் கட்ட முடியாமல் நிற்பவர் நீங்கள் மட்டுமாக இருக்க மாட்டீர்கள். அந்தச் சீட்டை முழு மதிப்புக்கு எழுதாதீர்கள். வரும் ஏலத்திலேயே தள்ளி எடுத்துக் கடனைக் கட்டுவது பத்திரம், தள்ளு கொஞ்சம் கூடப் போனாலும்.

மொய் நோட்டு

தமிழ் வீடுகளில் பொய் சொல்லாத கணக்குப் புத்தகம் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. 1998 காதுகுத்துக்கு யார் 101 வைத்தார்கள், யார் வெண்கல அண்டா கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். பேனா பிடித்து எழுதியவரின் கையெழுத்து இன்றும் தெளிவாகத் தெரியும். இவ்வளவு நேர்மையாகக் கணக்கு வைக்கத் தெரிந்த நாம், அதைக் கடன் பட்டியலில் மட்டும் சேர்ப்பதில்லை.

வாங்கிய மொய் தேதி குறிக்காத கடன். மகள் சீருக்கு வந்த தொகையில் இன்னும் திருப்பாதது எவ்வளவு, அந்த வீடுகளில் அடுத்த ஒரு வருடத்தில் விசேஷம் எது வரும் என்று நோட்டைப் புரட்டினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பிள்ளைகளின் வயதும் முகூர்த்த மாதங்களும் நமக்குத் தெரியாததா? நம் குடும்பத்துக்கு வரும் வருடத்தில் திருப்ப வேண்டியது 15,000 என்று வைத்துக்கொள்வோம். முன்னே ஒதுக்கிய நான்கு வாரச் சம்பளம் இதற்குத்தான். ஐயாயிரத்து ஐந்நூறு வீதம் 22,000. மொய் போக 7,000 மிஞ்சும். தீபாவளித் துணிக்கும் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகத்துக்கும் அது.

பழைய மொய்யைத் திருப்பும்போது மேலே புது மொய் சேர்த்து வைப்பது வழக்கம். அந்தப் புது மொய்யை இந்த ஒரு வருடம் நிறுத்தலாம். வாங்கியதைத் திருப்பாவிட்டால்தான் பேச்சு வரும்; கூடுதல் வைக்காததை ஆர்டர் இல்லாத வருடத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்பவர்கள் எப்போதும் எடுத்துக்கொள்பவர்கள்.

சிக்கனத்தின் எல்லை

நெருக்கடி என்றாலே "டீயை நிறுத்து" என்று ஒரு அறிவுரை வரும். தினம் இரண்டு டீ, 15 ரூபாய் வீதம், மாதம் 900. நம் பள்ளம் 10,600. வட்டிக் கடனை நகைக்கு மாற்றியதில் 1,500 குறைந்து 9,100 ஆகிறது. ரேஷனில் அரிசியோடு 30 ரூபாய்த் துவரம் பருப்பையும் 25 ரூபாய்ப் பாமாயிலையும் விடாமல் வாங்கினால் மளிகையில் 1,200 குறையலாம். வண்டியை வேலைக்கு மட்டும் எடுத்தால் பெட்ரோலில் 600. போனில் 200. மொத்தம் 2,000. பள்ளம் இப்போது 7,100.

கையில் உள்ள 14,000 ஆறு வாரத்துக்குப் பதில் இரண்டு மாதம் தாங்கும். இத்தனை பாடும் பட்டு வாங்கியது மூன்று வாரம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை, மூன்று வாரம் பெரிய விஷயம்தான். ஆனால் சில்லறைச் செலவுகளைக் கட்டுப்படுத்தி இந்தப் பள்ளத்தை மூட முடியாது என்று தாள் சொல்கிறது. இது தெரியாத வீடுகளில்தான் "நீ செலவு பண்ணினதாலதான்" என்ற சண்டை நடக்கும். யாரும் அதிகம் செலவு செய்யவில்லை, வருமானம் போய்விட்டது.

மிச்சம் இருப்பவை மூன்றே: வாடகை, வண்டி, வேலை. வண்டியை விற்றால் 3,200 தவணையும் 900 பெட்ரோலும் நிற்கும். அவருக்குப் பஸ்ஸுக்கு 600 ஆகும், மனைவிக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் கட்டணம் இல்லை. நிகரமாக 3,500 குறைந்து பள்ளம் 3,600 ஆகிறது. விற்பதற்கு முன் மிச்சக் கடன் அளவுக்காவது விலை போகிறதா என்று விசாரிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடனை முடித்து, பாக்கியில்லை என்று நிறுவனம் தரும் என்.ஓ.சி. வாங்காமல் பெயர் மாற்ற முடியாது. வண்டியைக் கைமாற்றிவிட்டுத் தவணையை "நீயே கட்டிக்கோ" என்று வாய்ப்பேச்சில் முடிப்பவர்கள் உண்டு. வாங்கியவர் கட்டாவிட்டால் கெடுவது உங்கள் சிபில்.

வண்டியை விடவே மாட்டேன் என்றால் வாரத்துக்கு 1,800 கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். ஆர்டர் இல்லாத ஊரில் வாரம் இரண்டரை ஷிப்ட் கூடுதல். வண்டியை விட்டால் வாரம் 900 போதும். எது நடக்கக்கூடியது?

நமக்கு என்ன வேலை தெரியும்?

பணத்தைவிடக் கஷ்டமான மதிப்பீடு இது. பதினைந்து வருடம் ஒரே லைனில் உட்கார்ந்து டி-ஷர்ட் தோள்பட்டை மட்டும் ஓவர்லாக் அடித்தவர் "நான் டெய்லர்" என்று நினைத்துக்கொண்டிருப்பார். சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் "சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை" என்று இருக்கும். மூன்றும் வேறு வேறு தையல் மெஷின், அதில் ஒன்றுதான் அவருக்குத் தெரியும். முழு பீஸ் தைக்கத் தெரியுமா, ஜட்டிக்கு எலாஸ்டிக் வைக்கத் தெரியுமா, மணிக்கு எத்தனை பீஸ், அதில் எத்தனை செக்கிங்கில் திரும்பி வருகிறது? இந்தக் கேள்விகளுக்கு நாமே மார்க் போட்டுக்கொள்ளக் கூடாது. உடன் வேலை செய்த சூப்பர்வைசரிடமோ கான்ட்ராக்டரிடமோ கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

குறைத்து மதிப்பிடுவதும் அதே அளவு நடக்கிறது, பெண்களிடம் அதிகமாக. செக்கிங்கில் பத்து வருடம் இருந்தவருக்குத் துணியில் எந்தக் குறை எந்த மெஷினில் வந்தது என்று கண்ணாலேயே தெரியும். "சும்மா செக்கிங்தான்" என்பார். அதற்கு ஆள் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்றுமதி படுத்தாலும், ஊரின் மொத்த விற்பனைச் சந்தையான காதர்பேட்டையை நம்பி நடக்கும் உள்நாட்டு பனியன், ஜட்டி வேலை வேறொரு தாளத்தில் ஓடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் அங்கே கை தேவைப்படும். நம் குடும்பத்துக்கு வேண்டியது வாரம் 900. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பவர் டேபிளில் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட்) ஒரு ஷிப்ட் கிடைத்தால் 700. வீட்டுக்கு எடுத்து வந்து பிசிர் வெட்டிக் கொடுத்தால் மீதி 200. பள்ளம் மூடிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு போகிறது என்பதையும் உள்ளபடி எழுத வேண்டும். ஆகவே இதற்கு ஒரு கடைசித் தேதி தேவை, ஆறு மாதம் என்று.

இலக்கை எழுதும் விதம்

இவ்வளவும் எழுதிய பிறகு இலக்கு தானாக வந்து நிற்கும். அதில் தொகை இருக்க வேண்டும், தேதி இருக்க வேண்டும், இந்த வாரம் செய்வது என்ன என்று இருக்க வேண்டும். "வேறு வேலை தேடணும்" என்று எழுதினால் சனிக்கிழமை வந்து பார்க்கும்போது நடந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. "வெள்ளிக்குள் ஆறு உள்நாட்டு யூனிட்டில் நேரில் கேட்பது" என்று எழுதினால் சொல்லலாம். வேலை கொடுப்பது அவர்கள் கையில், போய்க் கேட்பது நம் கையில். நம் கையில் இருப்பதை மட்டும் வார இலக்காக வைப்பவர் சீக்கிரம் சோர்வதில்லை. ஆறு இடத்தில் இல்லை என்று சொல்லியிருந்தாலும் அந்த வார வேலை முடிந்திருக்கும்.

ஒரே நேரத்தில் மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம். நம் குடும்பத்துக்கு: இந்த மாதத்துக்குள் மூணு வட்டிக் கடனை நகைக்கு மாற்றுவது, அடுத்த மாதத்துக்குள் வண்டியை விற்பது, நான்காவது வாரத்துக்குள் ஞாயிறு வேலை பிடிப்பது. மகளுக்கு லேப்டாப் எல்லாம் அடுத்த வருடத் தாளில்.

நல்ல மனநிலையில் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டிய வரி இன்னொன்று உண்டு: எது நடந்தால் வழியை மாற்றுவோம் என்பது. "தொடர்ந்து எட்டு சனிக்கிழமை சம்பளம் 7,000-ஐத் தொடாவிட்டால் 4,500 வாடகையில் வீடு பார்ப்போம்." இப்படி எழுதி வைக்காவிட்டால் ஒன்பதாவது வாரமும் "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்றுதான் தோன்றும். இருபதாவது வாரத்தில் வீட்டுக்காரரே முடிவு செய்வார்.

கணக்கை மொத்தமாகக் கவிழ்ப்பது நோய்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு, கையில் இருக்கிறதா என்று பாருங்கள். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்குப் பிடித்தம் இருந்தால் பங்களிப்பு தொடர்கிறதா என்று கம்பெனியில் கேளுங்கள்; ஷிப்ட் குறையும்போது நாட்கணக்கு குறைந்து சலுகை நிற்கலாம். வேலையே போனவர்களுக்குச் சராசரி தினக் கூலியில் பாதியை 90 நாள் வரை தரும் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் திட்டம் 2018-ல் ஈ.எஸ்.ஐ.யில் தொடங்கப்பட்டது, இன்றைய நிபந்தனைகளைக் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 436 ரூபாய் பிடிக்கும் ஜீவன் ஜோதி, 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா இரண்டையும் சிக்கனம் என்று நிறுத்திவிடாதீர்கள். இரண்டிலும் இரண்டு லட்சம் காப்பீடு. முதலாவது எந்தக் காரணத்தால் இறந்தாலும், இரண்டாவது விபத்துக்கு.

தவணை தவறும் என்று தாள் சொன்னால், தவறுவதற்கு முன்னால் கடன் கொடுத்த கிளைக்கு நேரில் போங்கள். தவறிய பிறகு போனால் பாக்கி வைத்தவர் என்ற பெயரோடு உட்கார வேண்டியிருக்கும். முன்னால் போனால் பேச இடமுண்டு. இந்தத் தாளையே காட்டலாம்: பழைய வாரச் சம்பளம், இப்போதைய வாரச் சம்பளம், கட்டக்கூடிய தொகை. தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். மொத்த வட்டி எவ்வளவு கூடும் என்பதையும் அப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வங்கியின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் சொல்லியிருக்கிறது. கடன் வழங்கும் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. கந்துவட்டிக்கு 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் சட்டம் பேசுவது எளிதில்லை. யார், எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன சொன்னார் என்று அதே நோட்டில் எழுதி வைத்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது அந்தப் பக்கம் வேலைக்கு ஆகும்.